வைத்தியக் கட்டணமும் சர்க்காரின் பரீட்சைகளும்

ஒரு புதிய மருந்தை ஜனங்களுக்குக் கொடுக்குமுன் அதைப் பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்பதில் இன்று யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அந்த மருந்தை எழுதித் தரும் வைத்தியருக்கும், நோயாளி படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எந்த விதத்தில் போய்ச் சேருகிறது என்பதும், சிகிச்சையின் போக்கை மருந்துக்கு ஈடாகவே நிர்ணயிக்க வல்லது என்பதையும், ஆகவே அதுவும் பரீட்சைக்கு உட்படவேண்டிய விஷயமே என்பதையும் உலகம் மெள்ள மெள்ளத்தான் உணர்ந்தது. இத்தகைய பரீட்சைகளை ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக, வேறெங்கும் காணாத பெரும் அளவில் நடத்திவரும் தேசம் அமெரிக்கா. அவற்றுள் பெரும்பாலானவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பலன் தந்தவற்றுள்ளும் சில நடைமுறைக்கு வராமலே மறைந்தன. இதற்கான காரணங்களை ஆராய்ந்தால், பணத்தின் கணக்கைவிட மனித சுபாவத்தைப் பற்றியும், நிச்சயமான அறிவைப் பெறுவதிலுள்ள சிரமத்தைப் பற்றியும் நாம் அதிகம் தெரிந்துகொள்கிறோம்.

1965 ஜூலை 30ஆம் தேதி, மிசூரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் என்னும் ஊரில், முன்னாள் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் பக்கத்தில் அமர்ந்திருக்க, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தினால் பிறந்தது மெடிகேர் திட்டம். அறுபத்தைந்து வயது நிறைந்த பிரஜைகளின் வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்பதே அதன் நோக்கம். வைத்தியர்களின் எதிர்ப்பைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தபடியால், அதுகாறும் இருந்துவந்த கட்டண முறையில் கைவைக்க அந்தச் சட்டம் துணியவில்லை: ஆஸ்பத்திரி நியாயமாகச் செலவிட்டதாகக் கணக்குக் காட்டிய தொகை திருப்பித் தரப்பட்டது, வைத்தியருக்கு, அவர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியே, வழக்கமான கட்டணம் கிடைத்தது. நோயாளியைச் சீக்கிரம் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரிக்கு இந்த ஏற்பாட்டில் வருமானம் குறைந்தது. அதிக நாள் வைத்திருந்து அதிகப் பரிசோதனைகள் செய்த ஆஸ்பத்திரிக்கு வருமானம் பெருகியது. வைத்தியர்கள் பணத்தாசையால் கெட்டுப்போனார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நல்லெண்ணம் படைத்த ஒருவர், சந்தேகத்துக்கு இடமான ஒரு வேளையில், இன்னொரு பரிசோதனையும் செய்து பார்த்துவிடலாமே என்று எண்ணும்போது, அந்த எண்ணத்தைத் தடுப்பது எதுவும் இல்லாமல், அதற்குத் துணையாக ஒரு கட்டணமும் காத்திருக்குமானால், அத்தகைய வேளைகள் கோடிக்கணக்கில் சேர்ந்து தேசத்தின் பொக்கிஷத்தையே அசைத்துவிடுகின்றன.

அமெரிக்கச் சட்டசபையாகிய காங்கிரஸ் இதை விரைவிலேயே உணர்ந்தது. 1967இல் இயற்றிய ஒரு திருத்தத்தின் மூலம், வழக்கமான விதிகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிய கட்டண முறைகளைச் சில இடங்களில் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கும் அதிகாரத்தை நிர்வாகத்துக்கு அளித்தது. அந்த அதிகாரத்தின் வழியாக வந்தவற்றுள் மிகப் பெரிய மாறுதலுக்கு வித்திட்டது நியூ ஜெர்ஸி மாநிலத்தின் பரீட்சையாகும். யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்ப்ஸன் என்ற இருவர், ஆஸ்பத்திரியில் சேரும் நோயாளிகளை அவர்களுடைய நோயையும் அதற்குரிய சிகிச்சையையும் கொண்டு சில நூறு பிரிவுகளாக வகுத்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே நிச்சயித்த தொகையை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது, செலவு அதற்குள் அடங்கினால் மிச்சம் ஆஸ்பத்திரிக்கு, மிஞ்சினால் நஷ்டமும் ஆஸ்பத்திரிக்கே என்ற ஏற்பாட்டை நியூ ஜெர்ஸி 1980இல் கைக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில், 1983இல், மெடிகேர் திட்டம் முழுவதற்கும் இதையொத்த முறை சட்டமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் தேசமெங்கும் குறைந்தன. நமது மாநிலத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு அறுவை சிகிச்சைக்கு இன்ன தொகை என்று மொத்தமாக நிர்ணயித்திருப்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதாக இராது.

இந்தச் சரித்திரத்தை மட்டும் படிப்பவர், பரீட்சை வெற்றியடைந்தால் சட்டம் தானே பின்தொடரும் என்று நம்பிவிடக் கூடும். 1991இல் தொடங்கிய மற்றொரு பரீட்சை அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. இருதயத்தின் அடைபட்ட ரத்தக் குழாய்களுக்குப் பதிலாக மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸ் சிகிச்சைக்கு, ஆஸ்பத்திரியின் கட்டணம், அறுவை நிபுணரின் கட்டணம், மயக்க மருந்து கொடுப்பவரின் கட்டணம் என்று தனித்தனியாக இராமல், எல்லாம் அடங்கிய ஒரே தொகையைக் கொடுத்துவிட்டு, அதை அவர்களுக்குள்ளே பகிர்ந்துகொள்ளும்படி விடுவதே அதன் ஏற்பாடு. முதலில் நான்கும் பிறகு மூன்றுமாக ஏழு ஆஸ்பத்திரிகள் அதில் சேர்ந்தன. 1996இல் அது முடிந்தபோது, மெடிகேர் இந்தச் சிகிச்சைக்குச் செய்த செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மிச்சமாகியிருந்தது. சிகிச்சையின் தரமும் குறையவில்லை. அப்படியிருந்தும் அது தேசத்துக்குப் பொதுவான முறையாகவில்லை. சர்க்கார் சில ஆஸ்பத்திரிகளை மட்டும் பொறுக்கியெடுத்துச் சிறந்தவை என்று முத்திரை குத்துவதை மற்ற ஆஸ்பத்திரிகள் பொறுக்கமாட்டாதிருந்தன என்பது ஒரு காரணம். ஆஸ்பத்திரிக் கணக்குகளும் வைத்தியர் கணக்குகளும் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களின் கையில் இருந்தமையால், இரண்டையும் ஒன்று சேர்ப்பதே பெரும் வேலையாக இருந்தது என்பது மற்றொன்று. 2009இல் இதே யோசனை வேறொரு பெயரில் மீண்டும் பரீட்சைக்கு வந்தது. 2013இல் இன்னொரு பெயரில் இன்னொரு முறை வந்தது. ஒரு கேள்விக்கு விடை கிடைத்த பின்பும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது, விடையை ஏற்றுக்கொள்ளும் திராணி நிர்வாகத்துக்கு இல்லை என்பதையே காட்டுகிறது.

விடை கிடைப்பதுதான் அத்தனை சுலபமா? இங்கேதான் விஷயத்தின் விஞ்ஞானப் பகுதி தொடங்குகிறது. 2002இல் மெடிகேர் பதினைந்து இடங்களில் ஒரு பரீட்சையை ஆரம்பித்தது. இருதய பலவீனம், நீரிழிவு முதலிய நாட்பட்ட வியாதிகளுள்ள முதியவர்களைத் தாதியர் அடிக்கடி தொலைபேசியில் அழைத்து, மருந்து சாப்பிட்டார்களா, எடை கூடியதா, வைத்தியரைப் பார்த்தார்களா என்று விசாரித்து வழிகாட்டினால், அவர்கள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேரவேண்டிய அவசியம் குறையும், அந்தத் தாதியருக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிட மிச்சம் அதிகமாகும் என்பது எண்ணம். கேட்பதற்கு இதைவிட நியாயமான எண்ணம் இருக்க முடியாது. பரீட்சையை வகுத்தவர்கள் செய்த ஒரு நற்காரியம், சேர முன்வந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தாதியரின் துணையை அளித்ததாகும். 18,309 நோயாளிகளைப் பற்றிய முடிவுகள் 2009இல் வெளிவந்தன. பதினைந்து இடங்களில் பதின்மூன்றில், ஆஸ்பத்திரியில் சேருவதில் இரு பாதிக்கும் வித்தியாசம் தென்படவில்லை. கொடுத்த கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, நிகர லாபம் தந்த இடம் ஒன்றுகூட இல்லை.

அந்தக் குலுக்கல் மட்டும் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் சிந்திக்கவேண்டும். இத்தகைய திட்டங்களில் சேர்க்கப்படுபவர்கள் பெரும்பாலும் சென்ற ஆண்டில் ஆஸ்பத்திரியில் கிடந்து, மிகுந்த செலவுக்கு ஆளானவர்கள். மிகுந்த செலவுள்ள ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, யாரும் எதுவும் செய்யாமலே, அவர்களுள் பலருக்குச் செலவு குறைந்துவிடுகிறது. ஜுரம் உச்சத்திலிருக்கும் நாளில் கொடுத்த எந்தக் கஷாயத்துக்கும் மறுநாள் நல்ல பெயர் கிடைப்பதைப் போல, சென்ற ஆண்டுக் கணக்கையும் இந்த ஆண்டுக் கணக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நிர்வாகி, தாதியரின் தொலைபேசியே இந்த மிச்சத்தை உண்டாக்கியது என்று மனப்பூர்வமாக நம்பியிருப்பார். அவர் பொய் சொல்பவரல்லர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மறுபாதி இல்லாத குறையே அவரை ஏமாற்றியிருக்கும். தேசமெங்கும் தனியார் காப்பீட்டு ஸ்தாபனங்கள் இத்தகைய நம்பிக்கையின் பேரில் பெரும் பொருளைச் செலவிட்டன என்பதை நினைக்கும்போது, தோல்வியைத் துலக்கமாகக் காட்டிய அந்தப் பரீட்சை எவ்வளவு மதிப்புடையது என்பது விளங்கும்.

2010இல் ஜனாதிபதி ஒபாமாவின் காலத்தில் இயற்றப்பட்ட வைத்தியக் காப்பீட்டுச் சட்டம், இத்தகைய பரீட்சைகளுக்கென்றே புதுமைப் பரிசோதனை மையம் ஒன்றை நிறுவி, பத்தாண்டுக்கு ஒரு முறை 1,000 கோடி டாலர் அதற்கு ஒதுக்கியது. முன்பிருந்த தடை ஒன்றையும் அச்சட்டம் நீக்கிற்று: ஒரு பரீட்சை, தரத்தைக் குறைக்காமல் செலவைக் குறைக்கிறது என்றோ, செலவைக் கூட்டாமல் தரத்தை உயர்த்துகிறது என்றோ நிரூபணமாகி, மெடிகேரின் தலைமைக் கணக்கியல் நிபுணரும் அதன் நிதிப் பலனுக்குச் சான்று கூறினால், காங்கிரஸின் அனுமதியைத் திரும்பவும் நாடாமலே அதைத் தேசம் முழுவதற்கும் விரிவுபடுத்தலாம். அதிகாரம் இருந்தது, பணமும் இருந்தது. இருந்தும் முதல் பத்தாண்டில் தொடங்கப்பட்ட ஏறக்குறைய ஐம்பது பரீட்சைகளுள் விரிவுக்குத் தகுதி பெற்றவை நான்கே.

இதற்குப் பல காரணங்கள் உண்டு எனினும், மூலகாரணம் ஒன்றே என்பது என் துணிபு. மருந்துப் பரீட்சையில் மாத்திரைக்கு மனம் கிடையாது. கட்டணப் பரீட்சையிலோ, பரீட்சைக்கு உள்ளாகும் ஆஸ்பத்திரி தன் வரவு செலவை நன்கறிந்தது. சேருவதா விலகுவதா என்று தானே தீர்மானிக்க வல்லது. விரும்பியவர் சேரலாம் என்று சர்க்கார் அழைத்தால், புதிய முறையில் தனக்கு லாபம் உண்டு என்று கணக்குப் பார்த்தவரே வருவார். 2012இல் வைத்தியர்களும் ஆஸ்பத்திரிகளும் அடங்கிய 32 குழுக்களோடு தொடங்கிய ஒரு முன்னோடித் திட்டத்தில், நோயாளிகளின் மொத்தச் செலவுக்கும் பொறுப்பேற்று, குறைத்தால் பங்கும் கூட்டினால் தண்டமும் என்ற நிபந்தனைக்கு உடன்பட்டவர்கள், நஷ்டத்தின் நிழல் தெரிந்தவுடன் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2016இல் அது முடியும்போது பத்துக்கும் குறைவான குழுக்களே எஞ்சியிருந்தன. கடைசிவரை நின்றவர்களின் வெற்றியைக் கொண்டு, விலகிப்போனவர்களுக்கும் அம்முறை ஏற்றது என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பிரத்தியட்சமான விடை ஒன்று, ஏறக்குறைய தற்செயலாகவே கிடைத்தது. 2016 ஏப்ரல் 1ஆம் தேதி, இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் மாற்றும் அறுவை சிகிச்சைக்கு ஒரு புதிய ஏற்பாடு அமலுக்கு வந்தது. அறுவை நடந்த நாள்முதல், ஆஸ்பத்திரியை விட்டு வெளிவந்த பின் தொண்ணூறு நாட்கள்வரை ஆகும் செலவு அனைத்துக்கும் ஒரு இலக்குத் தொகை நிர்ணயிக்கப்பட்டு, அதற்குள் முடித்தால் ஆஸ்பத்திரிக்குப் பங்கும், மீறினால் காலக்கிரமத்தில் தண்டமும் விதிக்கப்பட்டன. இதன் சிறப்பு யாதெனில், 67 நகரப் பிரதேசங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவற்றிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கு, மிகச் சிலவற்றைத் தவிர, இது கட்டாயமாக்கப்பட்டதுதான். விலக வழியில்லை என்று ஆனதும், ஆஸ்பத்திரிகள் காரியத்தில் இறங்கின. அறுவைக்குப் பின் நோயாளியை விலையுயர்ந்த தாதிமை விடுதிக்கு அனுப்பும் வழக்கம் குறைந்து, வீட்டுக்கே அனுப்பி அங்கே உடற்பயிற்சி அளிக்கும் வழக்கம் மிகுந்தது. சிக்கல்கள் அதிகரித்ததாகத் தெரியவில்லை. மிச்சம் சிறிதே ஆயினும், குலுக்கல் இருந்தபடியால், அது உண்மையானது என்று சொல்ல முடிந்தது.

அதற்குள் ஆட்சி மாறியது. புதிய சுகாதார மந்திரியாக வந்த டாம் ப்ரைஸ், தாமே எலும்பு அறுவை நிபுணராகத் தொழில் செய்தவர். வைத்தியத்தில் சர்க்கார் இவ்வளவு தூரம் நிர்ப்பந்தம் செய்யலாகாது என்ற கொள்கையுடையவர். அவர் காலத்தில் முன்மொழியப்பட்டு, 2017ஆம் ஆண்டின் இறுதியில் உறுதியான விதியின்படி, 67இல் 33 பிரதேசங்களில் கட்டாயம் நீங்கி, விருப்பமுள்ளவர் தொடரலாம் என்று ஆயிற்று. அந்தப் பிரதேசங்களின் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை உடனே விலகிக்கொண்டன. தொடர்ந்தவை யாவை என்று பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தபோது, ஏற்கெனவே இலக்குத் தொகைக்குக் குறைவாகச் செலவிட்டு வந்தமையால், புதிதாக எதுவும் செய்யாமலே பரிசு பெறக்கூடியவை அவற்றுள் மிகுதி என்பது தெரிந்தது. திருந்தவேண்டியவர்கள் வெளியே போய்விட, திருந்தத் தேவையில்லாதவர்களுக்குச் சர்க்கார் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது. தாமாக வந்து சேருபவர்களை மட்டும் கொண்டு நடத்தும் பரீட்சைகளின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமைக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

ஆனால் கட்டாயத்துக்கும் ஒரு தர்மசங்கடம் உண்டு என்பதை மறைக்கலாகாது. மருந்துப் பரீட்சையில் நோயாளி தன் சம்மதத்தைக் கையெழுத்திட்டுத் தருகிறார். கட்டணப் பரீட்சையில், தன்னைக் கவனிக்கும் வைத்தியருக்கு வேறுவிதமாகப் பணம் தரப்படுகிறது என்பதை அவர் நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. வைத்தியர் தம் இடத்தில் ஊசிவழியாகச் செலுத்தும் மருந்துகளுக்கான கட்டணத்தை மாற்றும் ஒரு பரீட்சையை, தேசமெங்கும் பிரதேசவாரியாகப் பிரித்து நடத்த 2016 மார்ச்சில் யோசனை வெளியானபோது, வைத்தியர் சங்கங்களும் மருந்துக் கம்பெனிகளும் நோயாளிகளின் சங்கங்கள் பலவும் ஒருமுகமாக எதிர்த்தன. அவ்வாண்டு டிசம்பரிலேயே அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் எல்லோரும் சுயநலத்தினால் எதிர்த்தார்கள் என்று தள்ளிவிட முடியாது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருக்கும் ஒருவர், தாம் வசிக்கும் ஊரின் காரணமாகத் தம் வைத்தியரின் மனம் ஒரு மருந்திலிருந்து மற்றொன்றுக்குச் சாயுமோ என்று அஞ்சுவது இயற்கை. அந்த அச்சத்துக்கு விடை சொல்லவேண்டிய கடமை பரீட்சிப்பவருடையது.

பரீட்சை நடக்கும்போது உலகம் அசையாமல் நிற்பதும் இல்லை. முழங்கால் மாற்று அறுவையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் செய்யவேண்டும் என்றிருந்த விதியை மெடிகேர் 2018 ஜனவரியில் தளர்த்தியது. ஆரோக்கியமுள்ள, செலவு குறைந்த நோயாளிகள் புற நோயாளிகளாக அறுவை செய்துகொண்டு போய்விட, கடினமான நோயாளிகளே பரீட்சையின் கணக்கில் மிஞ்சினார்கள். பழைய கணக்கைக் கொண்டு நிர்ணயித்த இலக்குத் தொகை பொருத்தமற்றுப் போயிற்று. அதைச் சரிசெய்து புற நோயாளிகளையும் சேர்க்க 2021 அக்டோபர் வரை ஆயிற்று. இடையில் 2020இல் கொள்ளைநோய் வந்து, எல்லாப் பரீட்சைகளின் கணக்குகளையும் கலைத்தது.

இவற்றோடு, ஆஸ்பத்திரிகளின் நிலைமையையும் அநுதாபத்தோடு நோக்கவேண்டும். ஒரு பரீட்சையில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு, அதன் நோயாளிகளில் சிறு பகுதியினருக்கு மட்டுமே புதிய முறை. மற்றவர்களுக்கெல்லாம் காரியத்துக்கு இவ்வளவு என்ற பழைய முறைதான். படுக்கைகள் காலியானால் ஒரு கணக்கில் பரிசு, மற்றக் கணக்குகளில் நஷ்டம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றிருக்கும் ஸ்தாபனம், மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடக்கூடிய ஒரு ஏற்பாட்டுக்காகத் தன் வேலைமுறையை அடியோடு மாற்றும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மாற்றினாலும் பலன் உடனே தெரிவதில்லை: கணக்குகள் வந்து சேரப் பல மாதங்கள், அவற்றை ஆராய மேலும் பல மாதங்கள் ஆகின்றன. நோயாளியோ எந்த வைத்தியரிடமும் போகும் சுதந்திரம் உடையவர்; அவர் யாருடைய பொறுப்பு என்பதையே, யாரிடம் அதிகம் போனார் என்று பார்த்து ஊகிக்கவேண்டியிருக்கிறது. சிறிய குழுக்களில் தற்செயலின் ஆட்டமும் பெரிது. மெடிகேரின் நிரந்தரத் திட்டம் ஒன்றில், நஷ்டத்தில் பங்கேற்காத குழுவுக்கு 5,000 நோயாளிகளே இருந்தால், செலவு 3.9 சதவீதமாவது குறைந்தாலொழிய அதை மிச்சமென்று ஒப்புக்கொள்வதில்லை. அதற்குக் குறைந்த வித்தியாசம் வெறும் அதிருஷ்டமாக இருக்கலாம் என்பதே காரணம்.

வெற்றிபெற்ற பரீட்சையும் விரிவடையும்போது வாடிவிடுவதுண்டு. நீரிழிவு வரும் நிலையிலுள்ளவர்களுக்கு உணவிலும் உடற்பயிற்சியிலும் குழுவாகப் பயிற்சி அளிக்கும் முறை, ஒய்.எம்.சி.ஏ. நிலையங்களில் நடந்தபோது நல்ல பலன் தந்து, 2016இல் தலைமைக் கணக்கியல் நிபுணரின் சான்று பெற்று, 2018 ஏப்ரலில் தேசம் முழுவதற்கும் விரிந்தது. ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மெடிகேரில் இருக்க, முதல் சில ஆண்டுகளில் அதில் சேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. பயிற்சியளிக்கும் சிறு ஸ்தாபனங்களுக்குக் கட்டணம் போதவில்லை. மெடிகேரில் பதிவு செய்யும் சட்டச் சடங்குகளோ மிக அதிகம். வெள்ளோட்டத்தில் இருந்த ஊக்கமும் தனிக் கவனிப்பும் விதிகளாக எழுதப்பட்டபோது அவற்றோடு கூட வரவில்லை.

காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் 2023இல் கணக்குப் பார்த்தது. புதுமை மையம் முதல் பத்தாண்டில் 280 கோடி டாலர் நிகரமாக மிச்சப்படுத்தும் என்று முன்பு மதிப்பிட்டிருந்த அதே அலுவலகம், உண்மையில் 540 கோடி டாலர் நிகரச் செலவே ஆயிற்று என்று கண்டது. இதைக் கொண்டு பரீட்சைகளையே நிறுத்திவிடவேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தத் தொகை, அதே காலத்தில் மெடிகேர் செய்த செலவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மிஞ்சிய பங்கில் பெரும்பகுதி, பலன் உண்டா இல்லையா என்று எவரும் குலுக்கல் போட்டுப் பார்க்காத வழிகளிலேயே செலவாயிற்று. மையத்தின் மேல் குற்றம் சொல்வதானால், பரீட்சைகள் ஏராளமாகவும், குறுகிய காலத்தனவாகவும், ஒன்றன்மேல் ஒன்று படிந்தனவாகவும், பெரும்பாலும் விருப்பத்தின்பாற்பட்டனவாகவும் இருந்தன என்று சொல்லவேண்டும். அவை சிலவாகவும், நீண்டனவாகவும், ஆட்சி மாறினாலும் அசையாதனவாகவும் இருக்குமானால், அவற்றின் தோல்வியும் நமக்குப் பயன்படும்.

அத்தகைய ஒன்று இப்போது தொடங்கியிருக்கிறது. மூட்டு மாற்றம், இடுப்பெலும்பு முறிவு, முதுகெலும்பு இணைப்பு, இருதய பைபாஸ், குடலில் செய்யும் பெரிய அறுவை ஆகிய ஐந்து வகைச் சிகிச்சைகளுக்கு, அறுவை நாள்முதல் ஆஸ்பத்திரியை விட்டு வெளிவந்த பின் முப்பது நாட்கள்வரை ஒரே இலக்குத் தொகை நிர்ணயிக்கும் முறை, குலுக்கல் முறையில் தேர்ந்த 188 பிரதேசங்களில், ஏறக்குறைய 740 ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டாயமாக, 2026 ஜனவரி 1ஆம் தேதி முதல் ஐந்தாண்டுக் காலத்துக்கு விதிக்கப்பட்டுள்ளது. 1991இல் கேட்ட கேள்வியே மீண்டும் கேட்கப்படுகிறது; இம்முறை பரீட்சையின் அமைப்பு சரியாக இருக்கிறது. அந்த ஐந்தாண்டுகளும் முடியும்வரை அதன் விதிகளில் கைவைக்காமல் விட்டுவிடுவதே, வாஷிங்டனில் யார் ஆட்சியில் இருந்தாலும், அவர்கள் செய்யக்கூடிய பேருபகாரம்.